வீட்டுப்பாடம் இருந்தபோது

பிப்ரவரி 27, செவ்வாய்

குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டாவது நாள். சமையலறை மேஜை அதற்குள் பழையபடி போர்க்களமாகிவிட்டது.

கலினாவுக்கு எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. இன்றைய வீட்டுப்பாடம் கடிகாரம். தாளில் வெறும் வட்டங்கள் இருக்கும், கீழே எழுதியிருக்கும் மணிக்கு ஏற்றபடி முள் வரைய வேண்டும். பதினாறு வருடமாக போலந்தின் இந்தத் தொருன் ஊரில் ட்ராம் ஓட்டுகிறவன் நான். நிமிடக் கணக்கில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. என் மகளுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று டிப்போவில் யாரிடமும் வாய் திறக்க முடியாது.

"மூணே முக்கால். பெரிய முள் எங்க வரும்?"

அவள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள். விரலை வட்டத்தின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போய், என் புருவம் எங்கே தளர்கிறதோ அங்கே நிறுத்துகிறாள். "இங்க." சரியான இடம்தான். ஆனால் இதற்குப் பெயர் மணி பார்ப்பதா?

புருவத்தை அசைக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். விரல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, எங்கும் நிற்கவில்லை. தப்பாக வரைந்தாள். "அழி. மறுபடி வரை." மறுபடியும் தப்பு. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. கிழிந்த தாளை எப்படிக் கொடுத்தனுப்புவது? டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, முழுப் பக்கத்தையும் புதுத் தாளில் எழுத வைத்தேன். நாலு மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஏழு மணிக்கு எழுந்தோம்.

படுக்கப் போகும்போது வயிறு வலிக்கிறது என்றாள்.

பிப்ரவரி 29

மறுபடியும் வயிற்றுவலி. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். சோம்புத் தேநீர் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். குடித்துக்கொண்டே பெருக்கல் எழுதினாள்.

மார்ச் 6, புதன்

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்று இவோனா ஆரம்பித்தாள். என் மனைவி இப்படி ஆரம்பித்தால் விஷயம் கோபித்துக்கொள்ளும்படியாகத்தான் இருக்கும்.

அவள் மருந்துக்கடைக்கு மதியம் போய் எட்டு மணிக்கு வருகிறவள். நான் விடியும் முன்பே வண்டி எடுத்து மதியம் இறங்கிவிடுகிறவன். அதனால் கலினாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் வீட்டுப்பாடமும் என் பாடு. காலையில் தலை பின்னி அனுப்புவது அவள் பாடு. இன்று தலை பின்னும்போது கலினா கேட்டாளாம்:

"அம்மா, அப்பா சாயங்கால ட்ராம் ஓட்ட முடியாதா?"

"எதுக்கு அப்படிக் கேட்டா?" என்றேன்.

"சாயங்காலம் நீ வீட்ல இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு கேட்டிருக்கா, ராதெக். வேற எதுக்குக் கேப்பா?"

பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இப்போது எழுதும்போதுதான் பேச்சு வருகிறது. நான் யாருக்காக அந்த மேஜைல உக்கார்றேன்? மூணு மணிக்கே எந்திரிக்கிறவன், மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணை மூடக் கூடாதா? மூடாம உக்காந்து சொல்லிக் குடுத்ததுக்கு இதான் மிச்சமா? என்னைப் பாத்தா பயமா? ஒரு நாளாவது கை ஓங்கியிருக்கேனா?

ஓங்கியதில்லை. அதை எழுதி வைக்கிறேன். குரலை? அதைப் பற்றி இன்று எழுத வேண்டாம்.

மார்ச் 17, ஞாயிறு

வருகிற வியாழக்கிழமை வசந்தத்தின் முதல் நாள். பள்ளியில் மார்ஸான்னா போட்டி. நான் பையனாக இருந்த காலத்திலும் உண்டுதான். குளிர்காலத்தை வைக்கோலில் ஒரு கிழவியாகக் கட்டி, ஊர்வலமாகத் தூக்கிப்போய் விஸ்துலா ஆற்றில் தள்ளிவிட்டு வருவோம். இப்போது தள்ளுவதற்கு முன் பரிசும் கொடுக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கலினாவே ஒன்று செய்தாள். ஒரு குச்சி, அதன் தலையில் என் பழைய காலுறை, கண்ணுக்கு ஒரு சிவப்புப் பொத்தானும் ஒரு நீலப் பொத்தானும். மூக்கின் கீழே பச்சைக் கம்பளி நூல் தொங்கியது. "இது என்ன?" என்றேன். "அவளுக்குச் சளி புடிச்சிருக்கு. அவதானே எல்லாருக்கும் சளியக் குடுத்தா." சிரித்துவிட்டேன்.

பிறகு போனில் தொரோத்தா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தொரோத்தா எங்கள் கட்டடத்திலேயே நாலாவது மாடி. அவள் மகள் நேலாவும் கலினாவும் ஒரே வகுப்பு. பெற்றோர் குழுவில் காலை வணக்கம் முதல் கண்டனம் வரை எல்லாம் அவள்தான். அவள் வீட்டு மார்ஸான்னாவுக்குச் சரிகை வைத்த மேலாடை, தலையில் மணிமாலை. நம் கிழவிக்குச் சளி.

"அப்பா கொஞ்சம் சரி பண்ணித் தரேன்" என்றேன். கொஞ்சம்தான் நினைத்தேன். டிப்போவிலிருந்து கம்பி, கூட வேலை செய்கிறவனின் தோட்டத்திலிருந்து வைக்கோல், இவோனாவின் பழைய பூப்போட்ட சால்வை. சணலைப் பின்னி முடி. சனி முழுதும், ஞாயிறு பாதியும் போயிற்று. கலினா முதலில் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எப்போது உள்ளே போனாள் என்று கவனிக்கவில்லை.

காலுறைக் கிழவி பால்கனியில் கிடக்கிறாள். என்னுடையது நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

முதல் பரிசு.

போஜெனா டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கலினா நகரவில்லை. நேலா முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். வண்ணப் பென்சில் பெட்டியை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "இந்தாப்பா." அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. யாருடையதோ அவரிடம் கொடுத்தாள், அவ்வளவுதான். அதுதான் உறுத்துகிறது.

ஆற்றில் என் மார்ஸான்னா சீக்கிரம் மூழ்கவில்லை. இறுக்கிக் கட்டியிருந்தேனே, நிமிர்ந்து மிதந்துகொண்டே இருந்தாள். பிள்ளைகள் கரையிலிருந்து விரட்டினார்கள். கடைசியில் சால்வை நனைந்து கனத்துத் தலைகீழாகக் கவிழ்ந்தபோது கலினா குதித்துக் குதித்துக் கை தட்டினாள். குளிர்காலம் ஒழிந்தது என்றா தட்டினாள்? அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாகிவிட்டது.

டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பின்னல் ரொம்ப நேர்த்தி சார். போன வருஷம் நேலாவோட அம்மாவுக்குக் குடுத்தோம். இந்த வருஷம் உங்களுக்கு" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மார்ச் 25, திங்கள்

பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் எழுத்து வேலை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமைச்சகம் உத்தரவு போட்டிருக்கிறது. விரல் பழகுவதற்கான பயிற்சி மட்டும் கொடுக்கலாமாம். டீச்சர் இதைச் சொன்னதும் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரே கூச்சல்.

"அப்ப சாயங்காலம் பூரா போனை நோண்டிக்கிட்டுக் கிடக்கட்டுமா?" என்றார் ஒரு அப்பா.

தொரோத்தா எழுந்தாள். "என் பெரியவன் நாலாம் வகுப்புல தத்தளிக்கிறான் டீச்சர். தினம் அழறான். சின்னவளும் அப்படித்தான் ஆகணுமா?" குரல் நடுங்கியது. சரிகைக்காரி என்று நினைத்திருந்தேன், அவளுக்கும் ஒரு பயம் இருக்கிறது.

"எனக்கும் இது முழுசாப் பிடிக்கலை" என்றார் டீச்சர். "வீட்ல வாசிக்காத பிள்ளைக்கு வாசிப்பு தங்காது. ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். நான் குடுத்தது பத்து நிமிஷ வேலை. அதை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இழுத்தது யாரு? தாள் கிழிஞ்சா கிழிஞ்சதையே அனுப்புங்களேன். பிள்ளைக்கு எங்க இடிக்குதுன்னு எனக்கு அதுலதானே தெரியும். நீங்க அனுப்புறதுல எனக்கு உங்க கைதான் தெரியுது."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடமாம். இவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகலாம். கடிகாரப் பக்கத்தை யாரால் பத்து நிமிடத்தில் முடிக்க முடியும்? தெரிந்த பிள்ளையால் முடியும். தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஏப்ரல் 1, ஈஸ்டர் திங்கள்

விடிந்ததும் விடியாததுமாக என் தலையில் ஒரு பாட்டில் தண்ணீர். இன்றைக்கு யார் மேலும் யாரும் ஊற்றலாம், கேட்க முடியாது. கலினா கட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டே, "இன்னையிலேருந்து வீட்டுப்பாடம் கிடையாது, கிடையாது" என்று ராகம் போட்டாள். இவோனா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். ஈரத் தலையோடு சூப்பைச் சுட வைத்தேன். நல்ல நாள்.

ஏப்ரல் 4, வியாழன்

பழக்க தோஷம், நாலு மணிக்கு மேஜையைத் துடைத்துத் தேநீர் போட்டுவிட்டேன். கலினாவும் பழக்க தோஷத்தில் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் வெறும் மேஜை. இன்றைக்கு என்ன வீட்டுப்பாடம் என்பதைத் தவிர அவளிடம் கேட்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் அவளிடம் வேறு எதையாவது கேட்டிருக்கிறேனா?

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நான் போலாமாப்பா?" என்றாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாடிப்படியில் தொரோத்தா மடக்கினாள். செவ்வாய், வியாழன் அவள் வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தலாம் என்கிறாள். நாலு குடும்பம் சேர்ந்தாயிற்று. கணக்கு அவள், வாசிப்பு நான். டீச்சருக்குத் தெரியக் கூடாது. பிள்ளைகள் பையில் மேலாக ஒரு துண்டு வைத்துக்கொள்ள வேண்டும், கேட்டால் நீச்சல் வகுப்பு.

"நம்ம பெரியவங்க போர்க்காலத்துல ஜெர்மன்காரனுக்குத் தெரியாம வீட்டுக்குள்ளயே ஸ்கூல் நடத்தினாங்க. நம்மால இது முடியாதா?" என்றாள். கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது. சரி என்றுவிட்டேன்.

இவோனாவுக்குச் சிலிர்க்கவில்லை. "அவங்களைப் படிக்கக் கூடாதுன்னு சுட்டாங்க ராதெக். உங்ககிட்ட பிள்ளைங்களை விளையாட விடுங்கன்னு சொல்றாங்க. அதையும் ஒளிஞ்சிருந்து எதிர்க்கணுமா?"

அவளுக்குப் புரியாது. மணி பார்க்கத் தெரியாத பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போனால் என்ன ஆகும் என்று அவள் யோசிப்பதில்லை. நான் யோசிக்கிறேன். யாராவது யோசிக்க வேண்டும் அல்லவா?

ஏப்ரல் 18

முதல் நாள் ரகசியம் என்பதால் பிள்ளைகளுக்குக் குஷி. கதவைத் தட்ட ஒரு தனித் தட்டு, உள்ளே போக ஒரு சங்கேதச் சொல். அடுத்த முறையே இது வேறு வீட்டில் நடக்கும் வீட்டுப்பாடம்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். குஷி போயிற்று, துண்டு மட்டும் இருக்கிறது.

கலினாவுக்கு மறுபடி வயிற்றுவலி. செவ்வாயும் வியாழனும் மட்டும்.

மே 7, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். கலினாவின் முறை வந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "புத்தகத்தைப் பாரு" என்றேன். முதல் சொல்லைச் சொல்லிவிட்டு மறுபடியும் என் முகம். "என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? புத்தகத்தைப் பாருன்னா பாரேன்." கத்திவிட்டேன். தொரோத்தா வீட்டுக் கண்ணாடி அலமாரி அதிர்ந்திருக்கும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்கள். கலினா மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

மாடிப்படியில் கை கொடுத்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

நான் என்ன பண்றேன்? யாருக்குச் சொல்லிக் குடுக்கிறேன்? எம் பொண்ணு எம் மொகத்தைப் பாக்க வேணாம்னு கண்ணை மூடிக்கிறா.

மே 8, புதன்

டிப்போவில் பணி ஒதுக்கும் ஹென்ரிக்கிடம் போய், செப்டம்பரிலிருந்து எனக்கு நிரந்தரமாக மாலை வண்டி வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதை யாரும் கேக்க மாட்டாங்களேய்யா. வீட்ல சண்டையா?"

"பொண்ணு கேட்டுச்சு."

"எந்தப் பொண்ணு?"

"எம் பொண்ணுதான் சார். எட்டு வயசு."

குறித்துக்கொண்டார். இவோனாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் கடையில் காலை நேரம் வாங்க முடியும் என்கிறாள். நன்றாக யோசித்தாயா என்று கேட்டாள். யோசித்தேன் என்றேன். பாதி கலினாவுக்காக, பாதி வீம்பு. எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. கலினா மார்ச்சில் கேட்டதைக் கொடுத்துவிட்டேன், இனி நிம்மதியாக இருக்கட்டும்.

கலினாவிடம் சொல்லவில்லை.

மே 16, வியாழன்

மாலை வண்டிக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் என்று இன்று என்னை ஏற்றிவிட்டார்கள். பழைய வண்டி, ஓட்டுநர் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. கலினா பள்ளியிலிருந்து நேலாவோடு தொரோத்தா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஏற்பாடு.

பள்ளிக்கு எதிரே நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் முதுகுப்பையோடு ஒரு பிள்ளை ஏறுகிறது. என் பிள்ளை. தனியாக.

இறங்க முடியாது, பின்னால் இன்னொரு வண்டி நிற்கிறது. அவள் நேராக முன்னால் வந்து என் அறைக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே பலகை: வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது.

"தொரோத்தா ஆன்ட்டி வீட்டுக்குப் போகலையா?" என்றேன், முன்னால் பார்த்தபடியே.

"அப்பா, நீ பேசக் கூடாது. போர்டு போட்டிருக்கு" என்றாள்.

போட்டிருக்கிறதுதான். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன். போனில் தொரோத்தா அடித்துக்கொண்டே இருந்தாள், அதையும் எடுக்கக் கூடாது.

பிறகு கலினா பேச ஆரம்பித்தாள். ஓட்டுநர்தான் பேசக் கூடாது, பயணி பேசலாம் என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வகுப்பில் ஒரு நத்தை வளர்க்கிறார்கள், அது வெள்ளரிக்காய் மட்டும்தான் தின்னுமாம். ஒரு பையன் பசையை நக்கிப் பார்த்துவிட்டு இனிப்பாக இருக்கிறது என்றானாம். தொரோத்தா வீட்டுக் குளியலறையில் நேலா குழாயைத் திறந்துவிட்டு அழுவாளாம், சத்தம் கேட்கக் கூடாது என்று. "அவ அம்மாட்ட சொல்லிடாத" என்றாள். என்னிடம் ஒரு ரகசியத்தைச் சொல்கிறாள். இரண்டு வருடத்தில் என்னிடம் சொன்ன முதல் ரகசியம்.

பாலம் தாண்டும்போது சொன்னாள்: "மார்ஸான்னா முழுகினப்ப நல்லாருந்துச்சுப்பா. அவளுக்குச் சளியே இல்ல. அவ என்னோடவ இல்ல."

கண் கலங்கியது. எதிரே சிவப்பு விளக்கு, நல்லவேளை. இவ்வளவு பேச்சு இவளுக்குள் எங்கே இருந்தது? சமையலறையில் ஏன் ஒன்றும் வரவில்லை? அப்போதுதான் புரிந்தது. இங்கே நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குப் படிக்க முகம் இல்லை.

தடம் வட்டமடித்துத் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் எனக்குச் சற்று ஓய்வு. முதலில் தொரோத்தாவைக் கூப்பிட்டுப் பிள்ளை பத்திரம் என்றேன், அவள் அழுதேவிட்டாள். பிறகு வெளிப்படியில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டியும் முள்ளங்கியும் வைத்த என் ரொட்டியைப் பாதி பிய்த்துக் கொடுத்தேன். சொல்லாமல் வந்ததற்குத் திட்ட வேண்டும். "அடுத்த தடவை நேலா அம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் வாசிக்கவில்லை என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ரொட்டியோடு விழுங்கினேன்.

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தேன். அவள் அண்ணாந்து கம்பத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் வைத்த பழைய கடிகாரம்.

"கிளம்ப இன்னும் நாலு நிமிஷம் இருக்குப்பா. மெதுவாத் தின்னு."

நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கைக்கடிகாரப்படியும் நாலு நிமிடம்தான் இருந்தது.

மே 17, வெள்ளி

தொரோத்தாவிடம் நானும் கலினாவும் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு அவ பின்தங்கினா எங்கிட்ட வந்து நிக்காதீங்க" என்றாள். பிறகு கதவைச் சாத்தாமல் நின்றாள். "நேலா ஏதாவது சொன்னாளா உங்க பொண்ணுட்ட?"

சொல்லக் கூடாது என்று கலினா கேட்டிருந்தாள். "நீங்களே ஒரு நாள் அவகூட ட்ராம்ல வாங்க. முதல் சீட்ல உக்கார வைங்க. நீங்க பின் சீட்ல உக்காருங்க" என்றேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தாள்.

ஜூன் 4

வயிற்றுவலி இல்லை. சோம்பு டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினேன்.

ஜூன் 21, வெள்ளி

பள்ளியாண்டு முடிந்தது. வெள்ளைச் சட்டை, டீச்சருக்குப் பியோனிப் பூங்கொத்து. பூவை அவளே தேர்ந்தெடுத்தாள், கொஞ்சம் வாடியதுதான், அவளுக்கு அதுதான் வேண்டுமாம்.

சான்றிதழில் நீளமாக எழுதியிருக்கிறார் டீச்சர். கலினா வகுப்பில் நன்றாகப் பேசுகிறாள், நத்தையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டாள், மணி பார்க்கிறாள். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. எழுத்து கோணல், பென்சிலை அழுத்துகிறாள்.

வாசிப்பு மெதுவாகத்தான் வருகிறது. அந்த வரியைப் பல தடவை பார்த்தேன். பயம் ஒரே நாளில் போய்விடாது. வீட்டில் கொஞ்சம் வாசித்தால்தான் தங்கும் என்று டீச்சர் கூட்டத்தில் சொன்னதும் பொய்யில்லை. கோடையில் என்ன செய்வது? ஒன்று தோன்றுகிறது. அவள் வாசிக்கட்டும், நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு சீவுகிறேன்.

ஜூன் 26, புதன்

ஹென்ரிக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு கேட்டது கிடைச்சிருச்சு" என்றார். செப்டம்பரிலிருந்து மாலை வண்டி.

மாற்ற முடியுமா என்று கேட்டேன். குளிர்காலம் வரை முடியாது, ஆள் போட்டாயிற்று என்றார். இவோனாவுக்கும் கடையில் காலை நேரம் உறுதியாகிவிட்டது, அவள் சந்தோஷமாக இருக்கிறாள். இருக்கட்டும். இத்தனை நாள் மாலையில் கலினா எனக்குக் கிடைத்தாள். நான் அவளைத் தாள் கிழிய அழிக்க வைத்தேன். இனி அம்மாவின் முறை.

கலினாவிடம் இன்று சொன்னேன். "ஓ" என்றாள்.

ஜூலை 19

உருளைக்கிழங்குத் தோலைத் தடியாகச் சீவுகிறேன் என்று இவோனா திட்டினாள். கதையைக் கேட்டுக்கொண்டு வேறெப்படிச் சீவுவது? இன்று ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். ஒரு சொல்லில் நின்றாள். நான் திரும்பவில்லை. தானாகவே அடுத்த சொல்லுக்கு நகர்ந்தாள்.

செப்டம்பர் 3

மூன்றாம் வகுப்பு. மாலை வண்டி. வீடு வந்து சேரும்போது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

செப்டம்பர் 19, வியாழன்

வியாழக்கிழமைகளில் இவோனா அவளைப் பள்ளிக்கு எதிரே என் வண்டியில் ஏற்றிவிடுகிறாள். கடைசி நிறுத்தம் வரை வந்துவிட்டு, திரும்பும்போது வீட்டருகே அம்மாவிடம் இறங்கிக்கொள்வாள். ஹென்ரிக்குக்குத் தெரியும். டிக்கெட் எடுத்த பயணியை யார் என்ன கேட்பது என்கிறார்.

இன்று முதல் இருக்கையில் நேலாவும் இருந்தாள். பின்னால், நாலு இருக்கை தள்ளி, தொரோத்தா கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களும் என் முதுகுக்குப் பின்னால் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். தொரோத்தா ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள், பாதி வழியில் கைக்குட்டையை எடுத்தாள்.

கடைசி நிறுத்தத்தில் தொரோத்தாவும் நேலாவும் ஆப்பிள் வாங்கப் போனார்கள். நானும் கலினாவும் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துக்கொண்டோம். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், இந்தத் தடவை அம்மாவிடம் இல்லை, என்னிடமே:

"அப்பா, நீ மறுபடி காலை வண்டிக்கு வந்துட முடியாதா?"

"நீதானே சாயங்கால வண்டி ஓட்டச் சொன்ன?"

யோசித்தாள். எப்போது சொன்னேன் என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள். பிறகு நினைவு வந்தது.

"அதுவா? அது வீட்டுப்பாடம் இருந்தப்ப கேட்டதுப்பா."

சொல்லிவிட்டு என் ரொட்டியிலிருந்த முள்ளங்கியையும் எடுத்துத் தின்றாள். மீதி ரொட்டியையும் அவளிடமே நீட்டினேன். அவள் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று நேலாவைக் கூப்பிட்டாள். எல்லோரும் ஏறினார்கள். மணியடித்து வண்டியை எடுத்தேன்.